எண்ணெய் தேய்த்த மாவுக்கட்டு

வைரவநாதன் முதலாளிக்கு மகனைப் பற்றி எவ்வளவு பெருமையோ அவ்வளவு கோபமும் உண்டு என்பது வாராவாரம் இந்தக் குடும்பத்தோடு பழகி வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக அந்தக் கோபத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

முதலாளி பதுளைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். மூத்த மகன் செல்வநாயகம் கொழும்பில் டாக்டருக்குப் படித்து, கப்பலேறிச் சீமைக்குப் போய், யுத்தகாலம் முழுவதும் அங்கேயே தங்கி எலும்பு வைத்தியம் கற்றவன். அதிலும் குழந்தைகளின் எலும்பு. வளைந்த காலை நிமிர்த்தவென்று ஒருவன் கடல் தாண்டிப் போவானா என்று கேட்டவர்களிடமெல்லாம், "போனானே, என் பையன்!" என்று முதலாளி மார்தட்டினார். திரும்பி வந்தவன் கொழும்பில் பங்களாவும் காருமாக உட்காருவான் என்று பார்த்தால், ஊர் மேட்டிலிருந்த ஆஸ்பத்திரியின் கோடியில் ஒரு சின்ன வார்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் கோணல் பாதங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். எந்தத் தகப்பனுக்குத்தான் பொறுக்கும்?

அதற்கு இன்று ஒரு முடிவு தெரிந்துவிடும். கொழும்பிலிருந்து பெரிய டாக்டர் துரை கோச்சி ரயிலில் வருகிறார். வார்டு அவருக்குப் பிடித்துப்போனால் அது நிலைக்கும். தோட்டங்களில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர்களுக்குச் செல்வநாயகம் அங்கேயே வகுப்பும் நடத்தலாம். பிடிக்காவிட்டால் தை மாதத்தோடு வார்டை மூடிவிட்டு, அவனைக் கொழும்புக்கு மாற்றிவிடுவார்கள்.

துரைக்குப் பிடிக்கக்கூடாது என்று முருகனை வேண்டிக்கொண்டிருந்த ஒரே மனிதர் பதுளையில் வைரவநாதன்தான்.

துரை வரும் நாள் தீபாவளியாகவும் இருந்தது. சாதாரணத் தீபாவளியா? மகள் சந்திரகாந்திக்குத் தலை தீபாவளி. கண்டி மாப்பிள்ளை தங்கராஜா தலையில் எண்ணெய் வழிய மணையில் உட்கார்ந்திருந்தார். வெந்நீர் அண்டா பொங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குப் புது வேட்டி எடுத்துக் கொடுக்க வேண்டிய மைத்துனனைத்தான் காணவில்லை.

"மச்சான் எங்க மாமா?"

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டான்."

"நல்ல நாளன்னைக்குக் கூடவா?"

"உச்சந்தலையில ஒரு சொட்டு வைக்கத்தான் விட்டான்," என்றாள் முதலாளியின் மனைவி வடிவம்மா, எண்ணெய்க் கிண்ணத்தோடு. "அதுக்குள்ள ஓடிட்டான். நான் பெத்தது ஆஸ்பத்திரிக்கு நேந்துவிட்ட புள்ளையாப் போச்சு."

மருமகனின் முகம் வாடுவதைப் பார்த்த முதலாளிக்கு என்ன தோன்றியதோ, வெற்றிலைத் தட்டை நகர்த்திவிட்டு, தை மாதம் சொல்லலாம் என்று வைத்திருந்ததை அப்போதே சொல்லிவிட்டார்.

"மாப்பிள்ளை, கடைக்குப் பக்கத்துக் கட்டடம் இனி உங்களுக்குத்தான். கண்டியில இருந்து வந்து இங்கயே ஒரு கடை போடுங்க. செல்வம் எப்பிடியும் கொழும்புக்குப் போகப்போறவன். அவனுக்கு எதுக்கு அது?"

தங்கராஜா எழுந்து கும்பிட்டார். கதவோரம் நின்ற சந்திரகாந்தியின் முகத்தில் அப்போது வந்த சிரிப்பைப் பார்த்து, இந்த வீட்டில் ஒரு பிள்ளையையாவது சந்தோஷப்படுத்த முடிந்ததே என்று முதலாளிக்கு மனம் குளிர்ந்தது.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஸரூக் வந்து நின்றார். பண்டாரவளைக்காரர், ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் டிஸ்பென்சர் வேலை. லீவு கிடைத்த போதெல்லாம் செல்வநாயகத்திடம் பாடம் கேட்க ஓடிவந்துவிடுகிற மாணவர், தலை லேசாக நரைத்துவிட்ட மாணவர்.

"முதலாளி, நல்ல நாளும் அதுவுமா வந்து கேக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. கடையக் கொஞ்சம் தொறக்கணும்."

"நேத்து ராத்திரி வரைக்கும் தொறந்துதானே கெடந்துச்சு? இப்ப யாருக்குச் சேலை?"

"சேலை இல்லீங்க, சல்லாத்துணி. இருக்கிறதெல்லாம் வேணும். புள்ளைங்க காலுல போட்டிருந்த மாவுக்கட்டெல்லாம் போச்சு முதலாளி!"

மாவுக்கட்டு என்றால் முதலாளிக்குத் தெரியும். அவருடைய கடையில் வாங்கும் சல்லாத்துணியை நீளநீளமாகக் கிழித்து, சீமையிலிருந்து தகரத்தில் வரும் வெள்ளை மாவை அதில் தேய்த்துச் சுருட்டிவைப்பார்கள். நனைத்துச் சுற்றினால் கல்லைப்போல் இறுகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் காலை நிமிர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டை மாற்றி, மாதக்கணக்கில் நடக்கும் வேலை அது.

"எப்பிடிப் போச்சு?"

"தொரை பாக்கணும்னு லுணுகலை, ஹாலிஎல, நம்ம பக்கம், எல்லா இடத்துலயும் இருந்து தாய்மாரு நேத்தே புள்ளைங்களத் தூக்கிட்டு வந்து, ஆஸ்பத்திரி நடையில படுத்திருந்தாங்க. விடியக்காத்தால பாத்தா, ஆளுக்கொரு எண்ணெய்ப் போத்தலோட எல்லாரும் தண்ணி விழற பீலியடியில நிக்கிறாங்க. புள்ளைங்களக் குளுப்பாட்டிட்டாங்க! நான் போறதுக்குள்ள கட்டெல்லாம் கரைஞ்சு பீலித்தண்ணி பால் மாதிரி ஓடுது."

முதலாளியின் நெஞ்சுக்குள் ஒரு குதூகலம் எழுந்தது. மறைப்பானேன்? எழத்தான் எழுந்தது. வார்டு போச்சு, பையன் கொழும்புக்குப் போனான், முருகன் கேட்டுவிட்டான். அடுத்த கணமே, நாலு மாதமாக அவன் சோறு தண்ணி மறந்து போட்ட கட்டு அல்லவா என்று நினைத்தபோது அந்தக் குதூகலம் நெஞ்சிலேயே கசந்தது. இரண்டையும் வெளியே காட்டாமல் இடுப்புச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"ஒரு நிமிஷம் மாப்பிள்ளை. வந்து நானே தண்ணி ஊத்தறேன்."

சல்லாத்துணி அவருடைய கடையில் மதிப்பில்லாத சரக்கு. கொசுவலைக்கும் ஆகாது, கோமணத்துக்கும் ஆகாது என்று அடித்தட்டில் போட்டுவைத்திருப்பார். அதை உருவி ஸரூக்கின் தோளில் பாதியும் தன் தோளில் பாதியும் ஏற்றிக்கொண்டு, புது வேட்டியை மடித்துக்கட்டி மேட்டில் ஏறினார். ஐப்பசித் தூறலில் வெடி மருந்து வாசனை தெருவெல்லாம் கனத்திருந்தது. மகன் அந்த வார்டை வாங்கி இரண்டு வருடமாகியும் அவர் அங்கே கால் வைத்ததில்லை.

நடையில் நுழைந்ததும் அவர் கண்ணில் முதலில் பட்டது துணிதான். போன வாரம் அவர் கையால் கிழித்துக் கொடுத்த சிவப்புப் பூச் சீட்டி, பச்சைக் கரைச் சேலை, கோடுபோட்ட சட்டை. சுவரோரமாக வரிசையாகத் தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள், தலை ஈரம் காயாமல். ஒவ்வொருத்தி மடியிலும் எண்ணெய் மினுக்கோடு ஒரு குழந்தை. இவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் துணி விற்றிருக்கிறார். இந்தப் பாதங்களை இன்றுதான் பார்க்கிறார்.

நடுவில் செல்வநாயகம் நின்றிருந்தான். தாய் வைத்த ஒரு சொட்டு எண்ணெய் உச்சியில் பளபளத்தது. லுணுகலைக் கருப்பம்மாவின் பிள்ளை காலில் மட்டும் கட்டு கரையாமல் முழுசாக இருந்தது. அதன்மேல் எண்ணெய் வழிந்து, சீயக்காய்ப் பொடியும் அப்பியிருந்தது.

"தண்ணி படக்கூடாதுன்னு எத்தனை வாட்டி சொன்னேன்?"

"படவே இல்லீங்க டாக்டரையா," என்றாள் கருப்பம்மா பவ்வியமாக. "நீங்க சொன்னீங்கன்னு நான் எண்ணெய் மட்டுந்தான் தேச்சேன். சீயக்கா பேருக்கு ஒரு சிட்டிகை."

ஸரூக் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். செல்வநாயகம் சிரிக்கவில்லை.

"மத்தவங்க? ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?"

ஹாலிஎலயிலிருந்து மனைவியோடும் குழந்தையோடும் வந்திருந்த அழகையா எழுந்து நின்றான். "கோவிச்சுக்கப்படாது டாக்டரையா. தீவாளிக்கு எண்ணெ வைக்காம இருக்கறது எழவு விழுந்த வீடுங்க. உசுரோட இருக்கற புள்ளைக்கு அத எப்பிடிங்க செய்யறது?"

செல்வநாயகம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"இவங்க பேர்ல தப்பில்ல ஸரூக். தோட்டத்துல பெரட்டும் வேலையும் இல்லாத நாளாப் பாத்து, தீபாவளியே நல்லதுன்னு தொரைகிட்டக் கேட்டு வாங்கினவன் நான்தான். லீவு ஞாபகம் இருந்துச்சு. எண்ணெய் மறந்துபோச்சு."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் துரை வந்துவிட்டார். நல்ல உயரம்; மழைக்கோட்டில் நீர் சொட்டியது. நடையில் சிதறிக் கிடந்த வெள்ளைக் கூழையும் வெறுங்கால் பிள்ளைகளையும் பார்த்த மாத்திரத்தில் அவருடைய புருவம் ஏறியது. இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசினார். ஸரூக் முதலாளியின் காதில் மெல்லச் சொன்னார்.

"இதுக்குத்தான் நான் சொல்றேன், இந்தச் சனங்கள நம்பி வீட்டுக்கு அனுப்பிக் குணமாக்க முடியாதுங்கிறார். ஒரு வருஷம் வார்டுலயே படுக்க வைக்கணுமாம். அதுக்குக் கொழும்புதான் சரியாம்."

கொழும்பு என்ற சொல்லுக்கு முதலாளிக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. வேண்டிக்கொண்டது கைகூடுகிறது. ஆனால் மகன் முகத்தைப் பார்க்கத்தான் அவருக்குத் துணிவு வரவில்லை.

துரை திரும்பப் போனவர் நின்றார். எதையோ கேட்டார்.

"எல்லாரும் ஏன் புள்ளைங்க பாதத்தப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருக்காங்கன்னு கேக்கிறார்," என்றார் ஸரூக்.

அப்போதுதான் முதலாளியும் அதைக் கவனித்தார். கருப்பம்மாவைத் தவிர, வரிசையில் ஒரு தாயின் கையாவது சும்மா இல்லை. ஒவ்வொருத்தியும் குழந்தையின் பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி, விரல்களால் அணைத்து, அசையாமல் பிடித்திருந்தாள். அழகையா ஒரு தட்டிலிருந்து இட்லியைப் பிய்த்து மனைவிக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். அவளுக்குக் கை ஒழியவில்லை.

செல்வநாயகம் அவளிடமே கேட்டான். "எப்பயிருந்து புடிச்சிருக்க?"

"குளுப்பாட்டுனதுல இருந்துங்க. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, கட்டு அவுந்துருச்சுன்னா கைதான் கட்டுன்னு."

செல்வநாயகம் அதை இங்கிலீஷில் சொன்னான். துரை மழைக்கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் முன்னால் மண்டியிட்டார். பாதத்தை வாங்கிப் பார்த்தார். உள்பக்கமாக மடங்கிப் பிறந்த பாதம் இப்போது நேராக நின்றது. தொட்டால் வெளிப்பக்கமும் போனது. குதிகால் மட்டும் இன்னும் தூக்கிக்கொண்டிருந்தது. அதைக் கீழே இறக்கிப் பார்க்கலாம் என்று துரை விரலை வைத்தார்.

"ஐயையோ தொரே, குதிகாலத் தொடாதீங்க!" அவள் கத்தியே விட்டாள். "மொதல்ல முன்பாதம் நல்லா வெளிய வரணும். அதுக்கப்புறந்தான் குதிகாலு. முந்துனா பாதம் நடுவுல ஒடிஞ்சுரும்."

ஸரூக் இதை மொழிபெயர்க்கத் தயங்கினார். செல்வநாயகமே சொன்னான். துரை சட்டென்று விரலை எடுத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். சரிதான், சரிதான் என்று தலையாட்டினார். பிறகு வரிசையில் இருந்த ஒவ்வொரு பாதத்தையும் பார்த்தார். நேரமெடுத்துப் பார்த்தார்.

கட்டு மறுபடி போட்டாக வேண்டும். சல்லாத்துணி கிழிந்தது, மாவு பறந்தது. ஸரூக் ஒரு பக்கம், நர்ஸ் ஒரு பக்கம், செல்வநாயகம் தரையிலேயே சம்மணம் போட்டு ஒரு பக்கம். கருப்பம்மாவின் பிள்ளைக்கு எண்ணெய்க் கட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக்கட்டுச் சுற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். ஒழிந்த கை அங்கே ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது.

"அப்பா, இந்தக் காலக் கொஞ்சம் புடிங்க."

வைரவநாதன் திகைத்தார். தோட்டத்து ஆட்களுக்குத் துணியை மேசைமேல் வைத்து நகர்த்துவாரே தவிர, கையில் கொடுத்துப் பழக்கமில்லாதவர். இன்றோ நல்ல நாள். குளித்து, புது வேட்டி உடுத்தி, விபூதி பூசி வந்திருக்கிறார். போயும் போயும் ஒரு கூலிக்காரி மகனின் காலைப் பிடிப்பதா? கருப்பம்மாவுக்கே அது புரிந்து, "மொதலாளி வேணாங்க, நான் புடிச்சுக்கறேன்," என்று கையை நீட்டினாள்.

"நீ புள்ளையப் புடி. அப்பா காலப் புடிப்பாரு," என்றான் செல்வநாயகம். கெஞ்சவும் இல்லை, அதட்டவும் இல்லை. வகுப்பில் மாணவனிடம் சொல்வதுபோல்தான் சொன்னான்.

முதலாளி தரையில் உட்கார்ந்தார்.

"பெருவிரல இங்க வைங்க. மத்த விரல் இந்தப் பக்கம். அழுத்த வேணாம். விட்டுடவும் வேணாம்."

ஈர மாவு விரலிடுக்கில் வழிந்து வேட்டியில் சொட்டியது. குழந்தை அவரை முறைத்துப் பார்த்துவிட்டு அழலாமா வேண்டாமா என்று யோசித்தது. உள்ளங்கைக்குள் ஏதோ சுட ஆரம்பித்தது.

"செல்வம், சூடாகுதுடா!"

"ஆகும்பா. இறுகும்போது சூடு வரும்."

அந்தச் சின்னப் பாதம் அவர் கைக்குள்ளேயே நேராகிக்கொண்டிருந்தது. இது நடக்கும், நாளை இந்தப் பயல் லயத்து வீட்டு வாசலில் ஓடுவான், கொழுந்துமலையில் ஏறுவான், இல்லாவிட்டால் காலமெல்லாம் கோல் ஊன்றித் தத்தியிருப்பான். இதைத்தானா இவன் இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தான்? இதைப் பார்க்காமலா ஊரெல்லாம் மார்தட்டிக்கொண்டு திரிந்தோம்? பெருமை என்று இதுவரை அவர் நினைத்திருந்ததெல்லாம் கப்பலும் சீமையும் பங்களாவும்தான். இப்போது வந்தது வேறு பெருமை. அது கண்ணில் வந்து நின்றது. கை ஒழியாததால் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

துரை மகனிடம் நீளமாகப் பேசினார். கட்டிக்கொண்டே ஸரூக் சொன்னார்.

"வார்டு இருக்கட்டுங்கிறார் முதலாளி! வகுப்பும் நடத்தலாமாம். டிஸ்பென்சருக்கு மட்டுமில்ல, தாய்மாருக்கும் நடத்தணுமாம்." அவர் குரல் இறங்கியது. "ஆனா ஒரு சங்கடம். கைப்புள்ளையோட தாய்மாரு நடையில குளிருல படுக்கறத அவர் ஒத்துக்க மாட்டாராம். அவங்க தங்கிப் படிக்க ஒரு எடம் வேணுங்கிறார். கவருமெந்துல இந்த வருஷம் கட்டடம் கெடைக்காதாம். தைக்குள்ள எடம் இல்லேன்னா, மூட வேண்டியதுதானாம்."

செல்வநாயகம் எடுத்த துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். அவனுக்கு இந்த ஊரில் யாரிடம் போய் வீடு கேட்பது என்று தெரியாது. கேட்கத் தெரியாதவன் அவன், சின்ன வயதிலிருந்தே.

வைரவநாதன் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். தை பிறக்கும், வார்டு மூடும், மகன் கொழும்புக்குப் போவான், கட்டடம் மாப்பிள்ளைக்குப் போகும், சொன்ன சொல்லும் நிற்கும். எல்லாம் அவர் வேண்டிக்கொண்டபடியே நடக்கும். முருகனே வந்து இதைவிட ஒழுங்காகச் செய்துதர முடியாது.

"கடைக்குப் பக்கத்துக் கட்டடம் சும்மாதான் கெடக்கு," என்றார் வைரவநாதன். "எடுத்துக்கச் சொல்லு."

செல்வநாயகத்தின் கை நின்றது. "அப்பா?"

"மாடி இருக்கு, கெணறு இருக்கு, குளுப்பாட்டக் கொல்லை இருக்கு. எல்லாரும் அங்க வந்து தங்கட்டும். சொல்லுடா தொரைகிட்ட."

தரையில் வேட்டியெல்லாம் வெள்ளையாக உட்கார்ந்திருந்த கிழவர் யார் என்று துரை கேட்டார். பதுளையிலேயே பெரிய ஜவுளிக்கடை முதலாளி என்று ஸரூக் ஆரம்பித்தார்.

"அதெல்லாம் வேணாம்," என்று முதலாளி தடுத்தார். "டாக்டரோட அப்பான்னு சொல்லு. அது போதும்."

துரை குனிந்து கைகொடுக்க வந்தார். முதலாளி தலையை மட்டும் ஆட்டி, கை ஒழியாததைக் காட்டினார். தாய்மார் வரிசை முழுவதும் சிரித்தது. செல்வநாயகமும் அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தான்.

"எந்தக் கட்டடம்பா?"

கேட்டது நடையின் வாசலில் நின்றிருந்த சந்திரகாந்தி. கூறைப்புடவையின் ஓரம் மழையில் நனைந்திருந்தது. கையில் அண்ணனுக்குக் கொண்டுவந்த பலகாரத் தூக்கு. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள் என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது.

"வாம்மா," என்றார் முதலாளி.

"அவரு இன்னும் எண்ணெய்த் தலையோட மணையில உக்காந்திருக்காரு. மாமா வந்து தண்ணி ஊத்தட்டும்னு எழுந்திரிக்க மாட்டேங்கிறாரு. கடைக்கு என்ன பேரு வைக்கலாம்னு என்கிட்டக் கேட்டுக்கிட்டு இருக்காரு."

செல்வநாயகம் அப்பாவையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தான். காலையில் வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று அவனுக்குத் தெரியாது.

"உங்கண்ணன் என்ன வேலை செய்யறான்னு நீ பாத்திருக்கியா சந்திரா?" என்றார் முதலாளி. "வந்து பாரு. நானும் இன்னைக்குத்தாம்மா பாத்தேன்."

அவள் பார்த்தாள். வரிசையாக வெள்ளைக் கட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. கருப்பம்மாவின் பிள்ளை எண்ணெய் வழியும் முகத்தோடு அவளைப் பார்த்துச் சிரித்தது.

"நல்ல வேலைதான்பா. நான் இல்லேன்னேனா? ஆனா அவருக்கு நீங்க வாயால சொன்னீங்க. நல்ல நாளன்னைக்கு, வெத்தலைத் தட்டு வச்சுச் சொன்னீங்க."

"நான் வந்து பேசறேன்."

"எழுந்து வாங்க அப்ப."

வைரவநாதன் தன் கைகளைப் பார்த்தார். விரல்களுக்குள் சூடு ஏறிக்கொண்டிருந்தது. மாவு இன்னும் இறுகவில்லை.

"இப்ப விட்டா கோணிப்போயிரும்மா," என்றார்.

சந்திரகாந்தி பலகாரத் தூக்கை அண்ணன் பக்கத்தில் வைத்தாள். "அப்ப அவருகிட்ட நானே சொல்லிக்கறேன்," என்று திரும்பி மழையில் இறங்கினாள். என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்க முதலாளிக்கு வாய் வரைக்கும் வந்தது. அவள் மேட்டில் இறங்கிக் கடைத்தெருப் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார், பிடித்த காலை விடாமல்.